தேதி அனுப்பியவள்

டிசம்பர் இரண்டாம் தேதி காலை ஏழு இருபதுக்கு எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. அதற்கு முந்தைய அரை மணி நேரம் நான் நிம்மதியாக இருந்தேன்.

புயல் கரையைக் கடந்து இரண்டு இரவுகள் ஆகியிருந்தன. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் சனிக்கிழமையே போய்விட்டது. எதிர் வீட்டுக்காரருக்கு வாசல் கொஞ்சம் மேடு. அவர் காரை அங்கே நிறுத்தி என்ஜினை ஓடவிட்டு, தெருவிலிருந்த எல்லோருடைய போனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சார், உங்களுதுதான் முதல்ல. நீங்க பதறுற பதட்டத்துல எங்களுக்கெல்லாம் பிரஷர் ஏறுது" என்று சொல்லித்தான் என் போனை வாங்கினார். நான் பதறுகிறவன் என்பது தெருவுக்கே தெரியும்.

போனுக்கு உயிர் வந்ததும் முதலில் வந்து விழுந்தது என் மகளின் செய்தி. திண்டிவனத்தில் ஒரு நீட் பயிற்சி மையத்தின் விடுதியில் தங்கி அவள் இரண்டாம் முறை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். படித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் அந்த நிமிஷம் வரை நான் நினைத்தேன். செய்தி இப்படி இருந்தது:

"அப்பா, டிச 2. 1804ல பிரான்சுல ஒரு தளபதி பேரரசனா முடிசூட்டிக்கிறான். அடுத்த வருஷம் இதே நாள்ல ஒரு பெரிய போர்ல ஜெயிக்கிறான். 1851ல அவனோட தம்பி மகன், குடியரசைக் காப்பாத்துவேன்னு சத்தியம் பண்ணி அதிபரானவன், அதே நாள்ல அந்தக் குடியரசையே கவுக்கிறான். தற்செயல் இல்லப்பா. தேதிய அவனே பாத்துப் பாத்து எடுத்தான். ஹாஸ்டல் பக்கம் தண்ணி வரல. இட்லி சாப்ட்டேன். கவலப்படாத."

நான் வாசற்படியிலேயே நின்று அதை இரண்டு முறை படித்தேன். மூன்று வருடங்கள், ஒரே தேதி, நடுவில் ஒரு கயிறு. நான் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். இருபது வருடமாக வரலாறு நடத்துகிறேன். அந்த மூன்றாவது விஷயம் எனக்கே தெரியாது. மழையில் நனைந்துகொண்டே சிரித்தேன். பிள்ளை பத்திரமாக இருக்கிறாள், சாப்பிட்டுவிட்டாள், தலை தெளிவாக வேலை செய்கிறது. வேறென்ன வேண்டும்?

என் சுபாவம் அதோடு விடவில்லை. மழை நிற்கும்வரை பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டாம் என்று விடுதிக் காப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்று தோன்றியது. ஐந்தாறு முறை முயன்ற பிறகு லைன் கிடைத்தது. மகளின் பெயரைச் சொன்னேன். அந்த அம்மாள் பெயரைத் திரும்பக் கேட்டார்.

"யாரு சார், நீட் ரிப்பீட்டரா? அந்தப் பொண்ணு ஜூலையிலயே காலி பண்ணிக்கினு போய்டுச்சே. பத்தாம் தேதியோ பதினொன்னோ. அவங்க அம்மாதான் வந்து கையெழுத்துப் போட்டாங்க."

"வேற யாரையோ சொல்றீங்கம்மா."

"இல்ல சார். கண்ணாடி போட்டுக்கினு, காலைல போன் குடுக்கிற நேரத்துல அப்பாவுக்குத் தேதி அனுப்பணும்னு முதல் ஆளா வந்து நிக்குமே, அதுதானே? நல்லா ஞாபகம் இருக்கு. ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் என் மானத்தை நான் காப்பாற்றிக்கொண்டேன் போலிருக்கிறது.

இந்தத் தேதி விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, தன் பிறந்த நாளன்று வேறு என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று கேட்டாள். பிறந்த நாள் ஆகஸ்ட் இருபத்து மூன்று. 1966இல் அந்த நாளில்தான் நிலவைச் சுற்றிய ஒரு விண்கலம் அங்கிருந்து நம் பூமியைப் படம் எடுத்தது என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. "இன்னொன்னு?" என்றாள். 1939இல் ஜென்ம எதிரிகளான இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொள்ள மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டதையும், இரண்டு வருடத்தில் ஒன்று மற்றதன் மேல் பாய்ந்ததையும் சொன்னேன். "அப்போ எதுக்குக் கையெழுத்துப் போட்டாங்க?" என்று கேட்டாள். அன்றைக்கே இது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. காலையில் நான் அந்தத் தேதியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே தேதியில் வேறு வருடத்தில் நடந்த இன்னொன்றை அவள் சொல்ல வேண்டும். எது மற்றவருக்குத் தெரியாததோ அது ஜெயித்தது. பல் விளக்கிக்கொண்டே, ஜடை பின்னிக்கொண்டே, என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து காதருகே கத்திக்கொண்டே பத்து வருடத்துக்கு மேல் விளையாடினோம்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்த வருடம், அவளுடைய பிறந்த நாளன்றே நம் நாட்டு விண்கலம் நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கியது. தெருவே டிவி முன்னால் இருந்தது. அது தரையைத் தொட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். இவள் மட்டும் என் பக்கம் திரும்பி, "அப்பா, என் தேதிக்குப் புதுசா ஒன்னு வந்துடுச்சு" என்றாள்.

பள்ளி வாசலில் 'இந்நாளில்' என்று ஒரு கரும்பலகை உண்டு. தினமும் அதில் ஒரு வரி எழுதுவது என் வேலை. பாதி வரிகள் அவள் கொடுத்தவை. "சார், நம்ம ஸ்கூல் மணி கூட லேட்டா அடிக்குது, உங்க பொண்ணு தேதி லேட்டாகிறதில்ல" என்று எங்கள் கணக்கு ஆசிரியர் கிண்டல் செய்வார்.

அவள் திண்டிவனம் போன பிறகு அந்த விளையாட்டுக்கு வேறு ஒரு அர்த்தம் வந்தது. விடுதியில் காலையில் மட்டும் கொஞ்ச நேரம் போன் கொடுப்பார்கள் என்றாள். அந்த நேரத்தில் தேதி வந்துவிடும். தேதி வந்தால் பிள்ளை எழுந்துவிட்டாள், நலமாக இருக்கிறாள் என்று பொருள். நான் பதில் போட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். தரையில் வந்த தண்ணீரை என் மனைவி முறத்தால் வாரி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"ஹாஸ்டலுக்குப் போன் பண்ணீங்களா?"

நான் என்ன கேட்கப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் முதல் அடி. நான் கத்தினேன்.

"ஏங்க, கத்தாதீங்க. எதிர் வீட்டுல எல்லாரும் நிக்கிறாங்க."

"எங்க இருக்கா?"

"தங்கச்சி வீட்ல. கூட்டேரிப்பட்டுல. அங்கருந்து தெனம் காலேஜ் போய்க்கினு வருது. திண்டிவனத்துல. பி.ஏ. ஹிஸ்டரி."

அவள் தங்கை வீட்டுக்காரர், என் சகலை, கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் டயர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து திண்டிவனத்துக்கு அடிக்கடி பஸ். எல்லாம் யோசித்துச் செய்த ஏற்பாடு. சான்றிதழ்களைப் பீரோவிலிருந்து இவளே எடுத்துப் போயிருக்கிறாள். கலந்தாய்வுக்கு இவளே உடன் போயிருக்கிறாள். அன்றைக்கு என்னிடம் தங்கையின் காது குத்து விஷயமாகப் போவதாகச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. தங்கைக்கு ஏது காது குத்து என்றுகூட நான் கேட்கவில்லை. தங்கை மகளுக்கு என்று நானே சரிசெய்து புரிந்துகொண்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? ரிசல்ட் வந்த அன்னிக்கு, டாக்டரெல்லாம் வேணாம்ப்பா, ஹிஸ்டரி எடுக்கிறேன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. நீங்க என்ன பண்ணீங்க? நெஞ்சு வலின்னு படுத்துட்டீங்க. ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துட்டு ஒன்னுமில்ல, பயம்தான்னு சொன்னாரு. பாட்டில் ஏத்திக்கினு நீங்க படுத்திருந்தீங்க. அந்தப் பொண்ணு வராண்டாவுல உக்காந்து, 'நான் கோச்சிங்கே போறேம்மா, அப்பாவுக்கு ஒன்னும் ஆகக்கூடாது'ன்னு அழுதா. ஒரு மாசம் போய்ப் பாத்தா. முடியல. சோறு எறங்கல அவளுக்கு. நான் என்ன பண்ணட்டும்? ரெண்டு பேர்ல யாரைக் காப்பாத்தட்டும்?"

வரலாறு படித்தவன் பாடு எனக்குத் தெரியும். நிரந்தர வேலை கிடைப்பதற்குள் என் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அதுவரை ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு, விடுப்பில் போன யாருக்கோ பதிலாக. அந்த வழியில் அவள் போகக் கூடாது என்று நினைத்தது குற்றமா? அதை விவாதித்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டால் அப்பா செத்துவிடுவார் என்று முடிவுகட்டி, என்னை ஒரு கண்ணாடிச் சாமான் மாதிரி பஞ்சு சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள்.

என் மனைவி தங்கைக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். சகலைக்குப் போட்டாள். அதுவும் அப்படியே. மகளுக்குப் போட்டோம். மணியே போகவில்லை.

"நேத்து சாயந்தரம் தங்கச்சி பேசினா. யார் போனுலயும் சார்ஜ் இல்ல, இனிமே பேச முடியாதுன்னு சொன்னா." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. "அப்புறம் இவ எப்படி மெசேஜ் போட்டா?"

அந்தக் கேள்விதான் கோபத்தின் இடத்தில் பயத்தைக் கொண்டுவந்தது. அவர்கள் ஊர் மயிலத்துக்குப் பக்கம், வீடு ஏரிக்கரைக்குக் கீழே. அந்தப் பக்கம் எவ்வளவு மழை என்று ஊரெல்லாம் பேச்சு. எதிர் வீட்டுக் கார் அருகே நின்றவர்களில் ஒருவர், "மயிலம் பக்கம் ஏரியெல்லாம் உடைஞ்சிடுச்சாம்" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஏரி என்று கேட்டேன். தெரியாது, மச்சான் சொன்னான் என்றார்.

வண்டியை எடுத்தேன். என் மனைவி பின்னால் ஏற வந்தாள். வேண்டாம் என்றேன். அவள் தண்ணீரில் நின்றபடி, "ஏங்க, திட்டாதீங்க அவளை. முதல்ல கூட்டிக்கினு வாங்க" என்றாள்.

ரயிலை நிறுத்திவிட்டார்கள் என்பது ஸ்டேஷன் பக்கம் போனதுமே தெரிந்தது. மூட்டையும் பிள்ளைகளுமாக ஜனங்கள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸும் இல்லை. விக்கிரவாண்டி வரைக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தேன். அதற்கு மேல் லாரிகள் வரிசையாக நின்றன. ரோட்டின் இரண்டு பக்கமும் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. ஒரே செம்மண் நிறத் தண்ணீர். அறுத்துக் கட்டி வைத்த நெல் எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருந்தது. மழைக்கோட்டு போட்ட ஒரு போலீஸ்காரர் தடுப்பு வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு கூட்டேரிப்பட்டுல இருக்கா சார்."

"என் பொண்டாட்டி மயிலத்துல இருக்கா சார். நானே போக முடியல. திருப்புங்க."

"ஏரி உடைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்களே?"

"ஆயிரம் சொல்றாங்க. நீங்க வாத்தியார் மாதிரி தெரியுறீங்க, நீங்களும் அதையே சொன்னா எப்படி? பேஜார் பண்ணாதீங்க, வண்டியைத் திருப்புங்க."

திருப்பவில்லை. ஓரமாக, மூடிக்கிடந்த ஒரு டிபன் கடையின் தகரத்துக்குக் கீழே நின்றேன். யாராவது அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் கேட்கலாம் என்று. யாரும் வரவில்லை. அப்போதுதான் போனை எடுத்து அவள் செய்திகளைப் பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தேன். சார்ஜ் தீரும் என்று தெரிந்தும் படித்தேன்.

முந்தைய நாள், டிசம்பர் ஒன்று. 1959இல் பனிக்கண்டத்தில் எந்த நாடும் புதிதாக உரிமை கோரக் கூடாது என்று ஒப்பந்தம். "இங்க ஸ்டடி ஹால்ல ஒரே குளிரு, எங்களுதும் அண்டார்டிகாதான்" என்று ஒரு சிரிப்புப் படம். ஸ்டடி ஹால் என்று ஒன்றே இல்லை. சித்தி வீட்டில் மழை ஒழுகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அதை எழுதியிருக்கிறாள்.

நவம்பர் ஒன்று. 1954இல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த நாள். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்த நாள். "அப்பா, கூடப் படிக்கிற பொண்ணு ஒருத்தி கோட்டக்குப்பம். 54 வரைக்கும் அவங்க ஊர்லருந்து ஒரு தெரு தாண்டினா வேற நாடாம். அவங்க பெரியவங்க தெனம் வெளிநாடு போய் மீன் வாங்கிக்கினு வந்திருக்காங்க!" அதை அப்படியே பலகையில் எழுதி, தலைமை ஆசிரியரிடம் பாராட்டு வாங்கியிருந்தேன். கூடப் படிக்கிற பெண் என்றால் விடுதி அறைத் தோழி என்றுதானே நினைப்பேன்? உயிரியல் படிக்கிறவர்களுக்குள் எதற்கு இந்தப் பேச்சு என்று ஒரு முறையாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆகஸ்டிலிருந்தே அவளுடைய தேதிகள் மாறியிருந்தன. இணையத்தில் யாருக்கும் கிடைக்கிற பட்டியல் இல்லை. ஒரு நல்ல ஆசிரியர் வகுப்பில் சொன்ன மாதிரி, காரணமும் விளைவுமாக இருந்தன. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அந்த ஆசிரியர் நான் இல்லை என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆகஸ்ட் இருபத்து மூன்று. அன்றைய தேதியை நேரிலேயே சொல்லிக்கொண்டோம், செய்தி தேவைப்படவில்லை. அரை நாள் விடுப்புப் போட்டு, மனைவியோடு திண்டிவனம் போனேன். விடுதிக்குள் பார்வையாளர்களை விட மாட்டார்கள் என்று மகள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்தாள். கழுத்தில் பயிற்சி மையத்தின் அடையாள அட்டை, ஒரு நீலக் கயிற்றில் தொங்கியது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாதிரித் தேர்வு எப்படி என்று கேட்டேன். பிசிக்ஸ்தான் உதைக்கிறது என்றாள். என் மனைவி அவள் இலையில் இன்னொரு கரண்டி குருமாவை ஊற்றச் சொன்னாள். "நல்லா சாப்பிடுடி, ஹாஸ்டல் சாப்பாட்டுல எளைச்சுப் போய்ட்டே" என்றாள்.

ஜூலை மாதமே காலி செய்துவிட்டவள் அந்த அட்டையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கிறாள். எனக்காக மட்டும் ஒரு முறை கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தகரத்தின் கீழே நின்று நான் அழுதது அந்தக் கயிற்றை நினைத்துத்தான். பொய் சொல்லிவிடலாம், வாய் தவறி வந்துவிடும். அதற்காக ஒரு பொருளை எடுத்து வைத்திருந்து, பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாண்டின் எந்த மூலையிலோ நின்று அதை மாட்டிக்கொள்வது வேறு. அதை என் மனைவியும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, குருமா ஊற்றச் சொல்லியிருக்கிறாள்.

இன்னும் பின்னால் போனேன். ஜூலை பத்து. 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த நாள். அதற்குக் கீழே, "இன்னிக்கு டெஸ்ட்டுப்பா. ஆல் தி பெஸ்ட் சொல்லு." நான் மூன்று வாழ்த்துகள் அனுப்பியிருந்தேன். அன்றைக்குத்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் அந்த விடுதியை விட்டு இறங்கியிருக்கிறாள்.

ஒரே தேதியில் வெவ்வேறு வருடங்களில் என்னென்ன நடந்தன என்றுதான் நாங்கள் இருவரும் தேடித் தேடிச் சேர்த்தோம். ஒரே தேதியில், அதே வருடத்தில், அதே மணியில் இரண்டு விதமாக நடந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அவள் அனுப்பியது ஒன்று. அவள் வாழ்ந்தது இன்னொன்று. என் கையில் கிடைத்ததை வைத்து நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் வந்த அந்தப் பிரான்சுக்காரன் கதையைத் திரும்பப் படித்தேன். தற்செயல் இல்லப்பா. அவள் எனக்கு ஏதோ சொல்ல வந்தாளா, அல்லது வகுப்பில் கேட்டதை உற்சாகத்தில் எழுதினாளா? அது தெரியாமல்தான் இன்றும் இருக்கிறேன். போன் அணைந்துவிட்டது.

மதியத்துக்கு மேல் அந்தப் போலீஸ்காரரே வந்து, "சார், இருட்டினா உங்களால விழுப்புரமே திரும்பிப் போக முடியாது. போங்க. ரோடு விட்டதும் வாங்க" என்றார். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். என் வண்டியின் பின்னால் யாரும் இல்லாததைப் பார்த்தாள். கேப்பைக் கூழைக் கரைத்து வெங்காயத்தோடு வைத்தாள். நான் தொடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். கீழே தண்ணீரில் அவள் தைக்க வாங்கி வைத்திருந்த துணிகள் மிதந்தன. எடுத்து வைக்க எங்களில் ஒருவரும் இறங்கவில்லை.

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதீங்க" என்றாள். "அதைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் எங்களை வாய் திறக்க விடாம வச்சிருந்தீங்க. ஸ்கூல் டூரு போனா ஏதாவது ஆச்சுன்னா. சைக்கிள் ஓட்டினா ஏதாவது ஆச்சுன்னா. இப்ப ஒரு நாளாவது அதைச் சொல்லாம இருங்க."

மகளின் பதினெட்டு வயது வரை அவளுக்கு ஒரு காய்ச்சல் என்றால்கூட ராத்திரி கண் விழித்தவன் நான். அதையே எனக்கு எதிரான சாட்சியாக மனைவி எடுத்து வைத்தாள். இன்றைக்கும் அது நியாயம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தெருத் தண்ணீரில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். சகலை. தனியாக வந்தார். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் ஒரு யூரியா சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, இடுப்புவரை சேறு. கொஞ்ச தூரம் டிராக்டர், கொஞ்ச தூரம் நடை, கடைசியில் ஒரு பால் வண்டி என்று வந்து சேர்ந்திருந்தார்.

"பொண்ணு எங்க?" என்றோம்.

"நல்லா கீதுண்ணே, நல்லா கீது. ஒன்னும் பயப்படாதீங்க. ஏரி உடையல. ஏரி நிரம்பி, கலங்கல் வழியா வழியுற தண்ணி பூரா எங்க தெருவுல போகுது, அவ்ளோதான். எல்லாரையும் ஸ்கூல்ல கொண்டு போய் வச்சிருக்காங்க. இது அங்க பெருசுங்க பேரெல்லாம் கேட்டுக் கேட்டு மாத்திரை வாங்கிக் குடுத்துக்கினு ஓடியாடி வேலை பாக்குது. காலைல எங்க கடை வாசல்ல மாட்டிக்கினு நிக்கிற லாரியில போன் சார்ஜ் போட்டுச்சு. அப்புறம் அந்த லாரிக்காரனுக்கும் பேட்டரி எறங்கிப்போச்சு. அக்கா கவலப்படுவாங்களே, அதான் நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு ஜல்தியா கிளம்பி வந்தேன்."

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். நான் சகலையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட்டிக்கினு வந்திருக்கலாமே" என்றேன்.

"கேட்டேண்ணே. வர மாட்டேன்னுடுச்சு." அவர் சாக்கைத் தலையிலிருந்து எடுத்தார். என்னைப் பார்க்காமல் அதைப் பிழிந்தார். ஏதோ சொல்லத் தயங்குகிறார் என்று தெரிந்தது.

என் மனைவி சட்டென்று எழுந்தாள். "நீங்க முதல்ல துணி மாத்துங்க. டீ வைக்கிறேன். அப்புறம் பேசிக்கலாம்."

"இருங்கக்கா. வந்த வழி பூரா இதேதான் யோசிச்சிக்கினு வந்தேன். இன்னிக்குக் கேக்கலன்னா எப்பவும் கேக்க மாட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. படிக்கட்டும்னு நீங்களேதான் சரி சொல்லி எங்க வீட்டுக்கு அனுப்பினீங்கன்னு அக்கா சொன்னாங்க. அப்புறம், இனிமே என் மூஞ்சில முழிக்காதன்னுட்டீங்களாம். அஞ்சு மாசமாச்சு. ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தீங்களா? ஒரு போனு? அது தெனம் காலங்காத்தால எழுந்து மொட்டை மாடில குந்திக்கினு போனை வச்சிக்கினு எதையோ எழுதிக்கினு கெடக்கும். யாருக்குடின்னு எங்க வீட்டுல கேட்டா, அப்பாவுக்குத்தான் சித்தி, ஆனா அவர் பாக்கவே மாட்டார்னு சொல்லும். பெத்த பொண்ணு மேல எப்படிண்ணே உங்களுக்கு இப்படிக் கல்லு மனசு?"